கிருஷ்ணவேணி படித்துச் சொன்னது

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, டி.டி.பி. தேவநாதன் கடை எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தினாலும், யார் செத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலியாக ஒட்டப்பட்டாலும் அந்தப் பெயர் முதலில், அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற தேவநாதனின் விரலுக்குத்தான் தெரியும். பிரம்மதேசத்துத் திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர் ஒன்று விட்டுப்போனால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும். அவர் அடித்த நோட்டீசில் ஒரு பெயரும் விட்டுப்போனது கிடையாது.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருவார். முதல் நாள் பாடம் வருசா வருசம் ஒன்றேதான். கீபோர்டு, மவுசு, மைக்கு எல்லாம் உள்ளே அனுப்புகிற சாமான். மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் வெளியே காட்டுகிற சாமான். உள்ளே போகிற வழி வேறு, வெளியே வருகிற வழி வேறு, பிரிண்டர் கெட்டுப்போனால் கம்ப்யூட்டரே போச்சு என்று அழக்கூடாது என்பார். தன் மகன் கோபிக்கும் அப்படித்தான் மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கோபி இன்றைக்கு ஒரகடத்தில் இன்ஜினியர்.

அப்படிப்பட்ட மனுஷன் மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை பல் விளக்கப் போன இடத்தில் சாய்ந்தார். விழுப்புரத்துப் பெரிய ஆசுபத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூளைக்கு அடியில் தண்டு மாதிரி இருக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வாய் போயிற்று. முகத்தில் அசைவு போயிற்று. கை கால் விழுந்துபோயிற்று. விழுங்க வராததால் மூக்கு வழியாகக் குழாய். இடது கை மட்டும் யாராவது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தால் கொஞ்சம் அசையும், ஆள்காட்டி விரல் நீளும். டாக்டர் நல்ல மனுஷர். காது கேட்கலாம், சொல்வது புரியலாம், பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

கேட்கலாம், புரியலாம். கேட்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தால் கிருஷ்ணவேணி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆயுசு ஓட்டியிருப்பாள். கேட்காது என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கட்டிலில் கிடக்கிற உடம்புக்குள் தன் புருஷன் இருக்கிறாரா, இல்லையா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். மற்றதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேலையோ கழுத்து வரைக்கும் கிடந்தது. கேப்பைக் கஞ்சியைக் காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஊசி போடாத பெரிய சிரிஞ்சில் இழுத்துக் குழாயில் விடவேண்டும். ஒரு திப்பி போனாலும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், மறுபடியும் கஞ்சி. நடுநடுவே புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், துணி மாற்றவேண்டும், முதுகில் பவுடர் போடவேண்டும். சித்திரை பிறந்ததும் திண்டிவனத்து வெயில் ஓட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. அப்பாவுக்குப் புழுங்கும் என்று கோபி பெரிய டேபிள் ஃபேன் ஒன்று வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு, காற்று முகத்துக்கு நேராக அடிக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. சனி ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான்.

புரிகிறதா என்று கண்டுபிடிக்க அவர்கள் சும்மா இருக்கவில்லை. "அப்பா, நான் பேசுறது தெரிஞ்சா கண்ண மூடித் தொறங்க," என்று கோபி காதோரம் குனிந்து கேட்டான். ஒருதரம் இல்லை, பலதரம் கேட்டான். கண் மூடவில்லை. முகமே அசையாமல் கிடக்கிறது, இமை எப்படி இறங்கும்? அது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் தாரை தாரையாக ஊற்றியது. அழுவாதீங்க, அழுவாதீங்க என்று கிருஷ்ணவேணி முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். ஆசுபத்திரியில் கொடுத்த சொட்டு மருந்து தீர்ந்தபோது, அதான் தண்ணி இவ்ளோ ஊத்துதே, மருந்து எதுக்கு என்று நாத்தனார் அம்மணி சொன்னாள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் கோபி லேப்டாப்பும் தனியாக ஒரு கீபோர்டும் கொண்டுவந்தான். வாய்தானே வெளியே காட்டுகிற சாமான், அது போனால் வேறொன்றை மாட்டிவிடலாம், அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்தானே இது என்றான். சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். கீபோர்டை அப்பா வயிற்றின்மேல் வைத்து, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். விரல் போய்ப் போய் விழுந்தது. திரையில் இங்கிலீசு எழுத்து நாலைந்து, தாறுமாறாக, ஒரு தலையும் இல்லை, ஒரு காலும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். மறுபடி அதே குப்பை. கோபி லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அவன் எங்க இருக்கான், வேணி? ஒடம்புதான் கெடக்குது," என்றாள் அம்மணி. தம்பியின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சொன்னாள். பிரம்மதேசத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவள், விரல் நகத்தில் இன்னும் செம்மண் இருந்தது. பாசமில்லாதவள் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். செங்கல்பட்டுப் பக்கம் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறதாம், ஆளே தெரியாதவனுக்கு எங்கே கிடந்தால் என்ன, நீ இப்படியே தூக்கிப் புரட்டிக்கினு இருந்தால் நீயும் படுத்துவிடுவாய் என்று எடுத்துச் சொன்னாள். கோபி மறுத்துப் பேசவில்லை. வைகாசி பிறந்ததும் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. எல்லாம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசியதுதான். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

கீபோர்டை மட்டும் கோபி எடுத்துப் போகவில்லை. அது பக்கத்தில் இருந்தால், துடைக்கத் தூக்கும்போது அந்தக் கை கொஞ்சம் அடங்கிக் கிடந்தது. ஒயரைச் சுருட்டிக் கட்டி, அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது மாதிரி கைக்கடியில் வைத்துவிட்டார்கள்.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நண்பகல். கஞ்சி விட்டு முடித்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கிருஷ்ணவேணி. அக்குளைத் துடைக்க இடது மணிக்கட்டைத் தூக்கினாள். கை எங்கேயோ இழுத்தது. அவளுக்கும் அசதி. தூங்கி எத்தனையோ நாளாயிற்று. இழுக்கிற பக்கம் விட்டுவிட்டு, கையைத் தாங்கியபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். திரை இல்லை, எதிரே பார்க்க எதுவும் இல்லை. கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

கை கீபோர்டின் நடு வரிசைக்குப் போய் ஒரு தட்டு. அங்கிருந்து கீழ் வரிசையின் இடது கோடிக்கு வந்து ஒரு தட்டு. அப்புறம் வலது கோடிவரை இழுத்துக்கொண்டுபோய் ஒரு தட்டு. கொஞ்சம் நின்றது. மறுபடியும் நடு வரிசை, இடது கோடி, வலது கோடி.

அவள் கண்ணைத் திறந்தாள்.

கிருஷ்ணவேணி ஒன்றும் தெரியாதவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதே திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவள். பக்கத்து மெஷினில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த பையன்தான் தேவநாதன். பார்க்காமல் அடிக்கவேண்டும் என்று மாஸ்டர் கைக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். எழுத்தைக் கண்ணால் கற்கவில்லை அவர்கள் ரெண்டு பேரும். எது எங்கே இருக்கிறது என்று விரலால் கற்றார்கள். அப்புறம் அவர் கம்ப்யூட்டருக்குப் போனார். அதிலும் அதே தமிழ் டைப்ரைட்டர் இடத்தில்தான் கடைசிவரை அடித்தார். அவள் அடுப்படிக்குப் போனாள். மெஷினைத் தொட்டுக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கும்.

நடு வரிசையில் க. கீழ்க் கோடியில் ண. வலது கோடியில் புள்ளி.

"கண்," என்றாள் வாய்விட்டு.

அவள் பிடியில் இருந்த மணிக்கட்டு அப்படியே நின்றது. அப்புறம் மெல்லப் போய்த் தட்டியது. எ. ர. அந்த ரகரத்துக்கு ஒரு கொக்கி.

கண் எரி.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்துக்கு நேரே அந்த ஃபேன் ராட்சசன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. மூட முடியாத ரெண்டு கண்ணிலும் சித்திரை மாசத்து அனல் காற்று ராத்திரி பகலாக அடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அழுகை என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து விட்டிருக்கிறாள். அழுகிறாரே, புழுங்குகிறதோ என்று இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்திருக்கிறாள். கோபி மணிக்கட்டைப் பிடித்த அன்றைக்கும் இதைத்தான் அடித்திருப்பார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், அவர் விரலை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒயர் மாட்டாத கீபோர்டிலும், கையைத் தூக்கும்போதெல்லாம் இதைத்தான் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். பஞ்சை நனைத்துக் கண்மேல் வைத்தாள். அவர் மார்பின்மேல் தலையை வைத்து ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். "பாவி நானு, பாவி நானு. படிச்ச கழுததான நானும்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அழுது முடித்தபின் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்க நடந்தாள். இருக்கிறார். உள்ளே இருக்கிறார்.

செய்தி கேட்டு கோபி லீவு போட்டுவிட்டு வந்தான். லேப்டாப்பில் தமிழ் எழுத்தை ஏற்றி, கீபோர்டை மாட்டிப் பார்த்தான். அப்போதும் திரையில் பாதிதான் வந்தது. விரலில் வலுவில்லை. சில பித்தான்களை அமுக்கும், சிலவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும், சில நேரம் பக்கத்துப் பித்தானில் விழும். மணிக்கட்டைப் பிடித்திருக்கிறவளுக்குத்தான் அது எங்கே போக நினைத்தது என்று தெரியும். மேல் எழுத்துக்கு ஷிஃப்டை அமுக்க இன்னொரு விரல் வேண்டும், அதுவும் இல்லை. டு என்பது ட என்று மொட்டையாக நிற்கும். அவள் சேர்த்துப் படித்துக்கொள்வாள். "இனிமே நீதாம்மா அப்பாவுக்கு ஸ்கிரீனு," என்றான் கோபி. செங்கல்பட்டுப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அம்மணி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, தான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாயா என்று விம்மினாள். அவர் விரல் 'அக்கா' என்று தட்டியதைக் கிருஷ்ணவேணி படித்துச் சொன்னாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வீட்டில் கல்யாணக் களைதான். காலையில் எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்குவாள். மழை வந்ததா என்று கேட்பார். கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார். கூட வேலை பார்த்த ரோஜாதான் திறந்து வைத்திருக்கிறாள், நீங்கள் இல்லாமல் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரை மாற்றிப் போட்டு ஒரே பேஜாராகிவிட்டது என்று இவள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அவருக்குச் சிரிக்க முகம் இல்லை. விரல் மட்டும் சும்மா ரெண்டு தட்டுத் தட்டும். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை அவர்கள். அப்போது அவருக்குக் கடை, இவளுக்குப் பிள்ளை. கண்மேல் ஈரப் பஞ்சும் சொட்டு மருந்துமாக அவர் கிடக்க, கட்டிலை விட்டு நகராமல் இவள் கதையளந்துகொண்டிருந்தாள்.

ஆனி பிறந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் கஞ்சி ஏற்றிக்கொண்டிருக்கும்போது விரல் கேட்டது. குழாய்.

"வியாழக்கெழம நர்சம்மா வருவாங்க, மாத்திப்புடலாங்க. அதுவரிக்கும் பொறுத்துக்கினு இருங்க," என்றாள்.

விரல் நிதானமாகப் போனது. மாத்தாதே. எடு.

"எடுத்துட்டா எப்பிடிங்க சாப்புடுவீங்க?"

போதும் என்று வந்தது. அதை மட்டும் எட்டுகிற எழுத்தில் ஒன்றும் தப்பாமல், ஒவ்வொரு பித்தானையும் ஆழ அமுக்கி அடித்தார். நாற்பது வயதில் கடையில் உட்கார்ந்து அடித்த மாதிரியே.

அவள் மணிக்கட்டைக் கீழே வைத்தாள். சிரிஞ்சைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவள், கழுவின பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவிக்கொண்டு கொல்லையிலேயே நின்றாள். புரியாமல் இல்லை. ஒரு உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் படுக்க ஆள் வேண்டும், ஈயை விரட்ட ஆள் வேண்டும், மலம் கழித்தால் பெண்டாட்டி வந்து துடைக்கவேண்டும். நாளெல்லாம் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவருக்கு அது போதும் என்று படாதா? படும்தான். ஆனால் அவளுக்குப் போதவில்லையே. இப்போதுதானே அவர் கிடைத்தார்.

அதிலிருந்து தினமும் கேட்டார். கஞ்சி போகிற நேரமெல்லாம், எடு. அவள் பேச்சை மாற்றுவாள். ஓங்கூரில் மழை என்பாள், ரோஜா வீட்டில் கன்று போட்டிருக்கிறது என்பாள். சில நாள் மணிக்கட்டைத் தூக்காமலே வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். தூக்காவிட்டால் அவருக்கு வாய் இல்லை. அது தெரிந்தே செய்தாள். செய்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தான் செய்கிற பாவத்தை நினைத்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோபி வந்தான். வழியில் பிரம்மதேசத்தில் இறங்கி அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பாவோடு பேசி ஒரு வாரம் ஆயிற்று என்று கோபிக்கு அவசரம். "பேச வைம்மா," என்றான். வேறு வழி இல்லை. கிருஷ்ணவேணி மணிக்கட்டைத் தூக்கினாள்.

காத்துக்கொண்டிருந்த கை. உடனே போனது. கோபி. அதைப் படித்தாள். அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். நான்தாம்ப்பா என்றான். விரல் நிற்கவில்லை. அம்மா கேக்கல. நீ குழாய எடு. போதும். நான் போறன்.

நீளமான பேச்சு. அவளுக்குக் கையெல்லாம் வேர்த்து, அவர் மணிக்கட்டு வழுக்கியது.

"இன்னாம்மா சொல்றாரு?"

அவர் மனுஷர், தன் மகனிடம் கேட்கிறார். படித்துச் சொல்லத்தானே அவள் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் இந்தப் பிள்ளை என்ன செய்வான்? அப்பா பேச்சைக் கேட்டாலும் சாவான், கேட்காவிட்டாலும் சாவான். அதெல்லாம் அவள் அப்புறம் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் இவரை விடமாட்டேன்.

"நீ சாப்டியான்னு கேக்குறாருடா," என்றாள்.

கோபி உடைந்துபோனான். அப்பாவின் தலையைத் தடவிக்கொண்டு, "சாப்டேம்ப்பா, அத்த வீட்லயே சாப்டேன், வயிறு நெறய சாப்டேன்," என்று பிள்ளை மாதிரி அழுதான். அம்மணி மூக்கைச் சிந்தினாள். இந்த நெலமயிலும் புள்ள பசியப் பத்தித்தான் கேக்குது பாரு என்றாள்.

கிருஷ்ணவேணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மட்டும் என்ன தெரியும்? அந்த முகம் எதையும் காட்டாது. காது மட்டும் எல்லாவற்றையும் கேட்டிருக்கும். அவள் சொன்ன பொய்யைக் கேட்டிருக்கும், அவன் சொன்ன பதிலையும் கேட்டிருக்கும். மணிக்கட்டு அவள் கையில் கல்லு மாதிரி கிடந்தது. கீழே வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போது அது இழுத்தது. கீழ் வரிசைக்கு, நடுவில். எ.

எடு என்பதன் எ. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடியும் படிக்கவேண்டும், மறுபடியும் பொய் சொல்லவேண்டும். அடுத்தது வலது பக்கம் ட-வுக்குப் போகும் என்று கையைத் தளர்த்திக் காத்திருந்தாள்.

கை இடது பக்கம் போனது. ன. அப்புறம் புள்ளி. மறுபடியும் ன. கொஞ்சம் நின்று, க. மேலே போய் ற. அதற்கு ஒரு கொக்கி.

என்ன கறி.

இன்னாம்மா, இன்னா சொல்றாரு என்று கோபி உலுக்கினான்.

"என்ன கறின்னு கேக்குறாரு," என்றாள்.

கோழிப்பா, நாட்டுக்கோழி, அத்தை மெளகு போட்டு வறுத்திருந்தாங்க என்று கோபி விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தான். அம்மணி இடையில் புகுந்து, தேங்காய் கொஞ்சம் தூக்கல் என்றாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் ரெண்டு தட்டுத் தட்டியது.

அதற்கப்புறம் ஐப்பசி அடைமழைவரை இருந்தார். மழை வந்ததா என்று கேட்டார், கோபிக்குப் பெண் பார்த்தீர்களா என்று கேட்டார், நீ சாப்பிட்டாயா என்று அவளைத் தினமும் கேட்டார். குழாயை எடு என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கஞ்சி ஏற்றும்போதெல்லாம் அவள் சிரிஞ்சை நிறுத்தி, மணிக்கட்டைத் தூக்கி, விரலையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். ஒருதரம் கேட்டுவிட மாட்டாரா என்று இருக்கும் அவளுக்கு.